ஹெர் லோரன்ஸும் 'பாப்பம்' என்ற சொல்லும்

சனிக்கிழமை காலை பிலோ அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. வழக்கமாக அவர் கதைக்கத் தொடங்கினால் முதலில் என் அம்மாவின் முழங்கால், அடுத்து அப்பாவின் சீனி வருத்தம், அதன் பிறகுதான் விஷயம். அன்று நேராகவே சொன்னார்.

"பிள்ளை, எங்கட லோறன்ஸ் போய்ச்சேந்திட்டார்."

எந்த லோறன்ஸ் என்று கேட்டேன். டார்ம்ஸ்டாட்டைச் சுற்றியுள்ள மன்னார்க்காரருக்குள் எனக்குத் தெரிந்தே நான்கு லோறன்ஸ்கள் இருக்கிறார்கள்.

"நைன் ஐயாவடி" என்றார். பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "தோட்டத்தில அப்பிள் மரத்துக்குக் கொப்பு வெட்டினவராம். வெட்டி முடிச்சு, ஏணியால இறங்கி வந்து, கதிரையில இருந்தவராம். அவ்வளவுதான். ஏணியால விழேல்ல, இறங்கித்தான் வந்தவர் எண்டு மனிசி ரெண்டு தரம் சொன்னவ. பாத்தியே, அந்தாள் வேலையை முடிச்சுப்போட்டுத்தான் போயிருக்கு." அழுதுகொண்டிருந்தவர் அந்த இடத்தில் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவரை நினைத்தால் எங்களுக்கு அப்படித்தான் வரும்.

இந்த மலரை வாசிப்பவர்களில் பாதிப்பேருக்காவது ஹெர் லோரன்ஸைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டார்ம்ஸ்டாட்டுக்கு வெளியே, போத்தல்களுக்கு மூடி பூட்டும் இயந்திரங்களைச் செய்கிற ஒரு சிறிய தொழிற்சாலையில் அவர் பாகங்களைப் பொருத்தும் மண்டபத்துக்கும் வெளிநாட்டு விற்பனைக்கும் பொறுப்பாக இருந்தார். அந்த மண்டபத்தில் நம்மவர்கள் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். லோரன்ஸ் என்பது அவருடைய குடும்பப் பெயர், ஹெர் என்றால் திரு. பிலோ அக்கா அதை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. "லோறன்ஸ் எண்டா அது எங்கட ஊர்ப் பேர். இவற்ற பேரன் பூட்டன் ஆரும் மன்னாருக்குக் கப்பலில வந்து போயிருப்பினம்" என்பார். அதை ஒருமுறை ஜெர்மன் மொழியில் அவரிடமே சொன்னார். "நைன்", அதாவது இல்லை, என்றார் ஹெர் லோரன்ஸ். "என் பாட்டனார் மூன்று கிராமத்துக்கு அப்பால் போனதில்லை."

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டம் கிடைத்த பிறகும் எந்த அறைக்குள் போனாலும் சுவரோரமாக உள்ள கதிரையைத்தான் என் கண் தேடும். அவருடைய பிரிவில் அலுவலக வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போன அன்றும் அப்படித்தான் இருந்தேன். தொழில்நுட்ப வரைபடங்களை வாசிக்கத் தெரியுமா என்று ஹெர் லோரன்ஸ் கேட்டார். "முயற்சி செய்கிறேன்" என்றேன். எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொல்வது பெருமையடிப்பது என்று வளர்ந்தவள் நான். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"இது பதில் இல்லை. யாவா, நைனா?"

"யா."

"நல்லது. திங்கட்கிழமை ஏழு மணி."

முழு நேர்முகமும் நான்கு நிமிடம். அவருடைய அறையில் எதுவும் அதற்கு மேல் நீண்டதாக எனக்கு நினைவில்லை.

'நைன் ஐயா' என்ற பெயர் வந்தது தொதல் என்ற இனிப்பால். பிலோ அக்கா தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில் வேலை செய்தார். நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டில் தொதல் கிண்டி, துண்டு போட்டு, தட்டில் அழகாக அடுக்கிக் கொண்டுவந்து முதல் துண்டை ஹெர் லோரன்ஸுக்கு நீட்டினார். அவர் கடித்தார். நாங்கள் பத்துப் பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "நைன்" என்றார். "பல்லில் ஒட்டுகிறது. இனிப்பும் மிக அதிகம்." மீதித் துண்டை மரியாதையாகத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். "இவருக்கு நாக்கு இல்லையோ, மனசு இல்லையோ?" என்று பிலோ அக்கா அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த கிழமை மீன் ரோல்ஸ் செய்தார். கோபத்தில் ஹெர் லோரன்ஸுக்குக் கொடுக்கவில்லை. அவர் தானாகவே வந்து எடுத்து, நின்றபடி மூன்றைச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். "தொதல் நல்லதில்லை. இது நல்லது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பிலோ அக்காவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். "இந்த ஆள் நல்லது எண்டா நல்லதுதான் பிள்ளை. என்ர மனுசன் இருபது வருசமா எல்லாத்தையும் நல்லாயிருக்கு எண்டுறார். நான் ஒருநாளும் நம்பினதில்லை."

பிழையைச் சொல்லாமல் விடுவது அந்த ஆளை மதிக்காமல் விடுவது என்று ஹெர் லோரன்ஸ் சொல்வார். அவருடைய மரியாதையே அதுதான். எங்களுக்கு அது பழக ஒரு வருடம் சென்றது. அவருக்கு எங்களுடையது பழக இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சென்றது.

ஒரு முறை அவசர வேலை ஒன்றுக்காகச் சனிக்கிழமை ஆட்கள் வேண்டியிருந்தது. குணம் அண்ணையிடம் வர முடியுமா என்று கேட்டார். குணம் அண்ணை பருத்தித்துறைக்காரர், மண்டபத்தில் கை வேகமானவர், மற்ற எட்டுப் பேரும் அவர் சொல்வதைக் கேட்பார்கள். அவர் தலையைச் சற்றுச் சரித்து, சிரித்து, "பார்ப்போம்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். ஹெர் லோரன்ஸ் பட்டியலில் ஒன்பது பேரையும் எழுதிக்கொண்டார். சனிக்கிழமை ஆறு இயந்திரங்களுக்கு நடுவே அவர் தனியாக நின்றார்.

திங்கட்கிழமை விசாரணை. குணம் அண்ணையின் ஜெர்மன் இப்படியான வேளைகளில் கைகொடுக்காது என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"வருவதாகச் சொன்னீர்கள்" என்றார் ஹெர் லோரன்ஸ்.

"வாறன் எண்டு சொல்லேல்ல. பாப்பம் எண்டெல்லே சொன்னனான்" என்றார் குணம் அண்ணை.

சொன்னேன்.

"சரி. பார்ப்போம் என்றார். என்ன பார்த்தார்?"

கேட்டேன்.

"வர ஏலாது எண்டு பாத்தன்."

மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, இது என்ன என்று உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். எங்கள் மொழியில் ஒருவரின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வாய் வராது, 'பாப்பம்' என்று சொன்னால் கேட்டவருக்கு விளங்கிவிடும் என்றேன். "எனக்கு விளங்கவில்லையே" என்றார். ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து அந்தச் சொல்லை ஜெர்மன் எழுத்தில் எழுதச் சொன்னார். அதற்கு எதிரே சமக்குறி போட்டு, 'நைன்' என்று தானே எழுதி, அடிக்கோடும் இட்டார்.

அந்த வருடம்தான் சீனர்கள் வந்தார்கள்.

ஜெர்மனி ஒன்றான பிறகு சில வருடங்கள் எங்கள் துறையில் வேலை குறைந்துகொண்டு வந்தது. சீனாவின் துறைமுக நகரம் ஒன்றில் சோயா சோஸ் போத்தலில் அடைக்கும் பெரிய ஆலை ஒன்று, பன்னிரண்டு இயந்திரங்களை எங்களோடு சேர்ந்து அங்கேயே பொருத்தும் எண்ணத்தில் இருந்தது. இலையுதிர்காலத்துக்குள் அந்த ஒப்பந்தம் வராவிட்டால் தற்காலிக வேலைக்காரர்களின் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படமாட்டா என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. குணம் அண்ணையின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. அவர் மூன்று வருடங்களுக்கு முன் சென்னைக்குப் போய்க் கலியாணம் முடித்துவிட்டு வந்தவர். மனைவி வசந்தி கொழும்பில் அறையெடுத்துக் காத்திருந்தார். மனைவியைக் கூப்பிட ஆன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டு, டெர்மின் குறித்த நாட்களிலெல்லாம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் நின்றார். அதிகாரி ஒவ்வொரு தடவையும் கேட்டது ஒன்றையேதான்: நிரந்தர வேலை ஒப்பந்தம் எங்கே? எனவே அந்தப் பன்னிரண்டு இயந்திரங்களின் ஒப்பந்தம் வந்தால் வேலை நிரந்தரமாகும், வசந்தி வருவார். வராவிட்டால் வரமாட்டார். மண்டபத்தில் எல்லாருக்கும் இது தெரியும்.

வசந்தகாலத்தில் ஆறு பேர் வந்தார்கள். இயக்குநர் சென், ஐம்பது வயதிருக்கும், மெதுவாகக் கதைப்பவர். அவருக்குக் கீழே வேலை செய்யும் நான்கு பொறியியலாளர்கள். கூடவே மொழிபெயர்ப்பாளர் லீ, என் வயதுப் பெண், தடித்த கண்ணாடி. அவர் இயக்குநரின் கதிரைக்குச் சற்றுப் பின்னால் இருந்தார். நான் குறிப்பெடுப்பதற்காக எங்கள் பக்கச் சுவரோரம் இருந்தேன். இரண்டு பேரும் மேசையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம்.

ஹெர் லோரன்ஸ் மூன்று நாட்களாக ஆயத்தம் செய்திருந்தார். அவர்களுடைய ஆலையில் ஏற்கெனவே ஓடுகிற மூடி பூட்டும் வரிசையின் படங்களைத் திரையில் போட்டு, அதில் சிவப்பு இலக்கங்களால் பதினொரு பிழைகளைக் குறித்திருந்தார். ஒவ்வொன்றாக விளக்கினார். ஒரு மணித்தியாலம். அவரைப் பொறுத்தவரை ஒரு விருந்தாளிக்குச் செய்யக்கூடிய உயர்ந்த மரியாதை அது. பிறகு எங்கள் பன்னிரண்டு இயந்திரங்களைப் பற்றிச் சொல்லி, உடன்பாடா என்று கேட்டார்.

இயக்குநர் சென் புன்னகைத்தார். தேநீர்க் கோப்பையின் மூடியை ஒருமுறை திருப்பி வைத்தார். ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னார்.

"ஆராய்வோம், ஆராய்வோம் என்கிறார்" என்று லீ மொழிபெயர்த்தார்.

ஹெர் லோரன்ஸின் முகம் மலர்ந்தது. "மிகச் சரி! ஆராயாமல் கையெழுத்துப் போடுகிற ஆளோடு எனக்கு வேலை இல்லை."

நான் வேறு இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். லீ அதை மொழிபெயர்க்கும்போது மேசையைப் பார்த்தார். அந்த நான்கு பொறியியலாளர்களும் தங்கள் குறிப்புப் புத்தகங்களை மூடினார்கள். ஆராயப் போகிறவர்கள் ஏன் புத்தகத்தை மூட வேண்டும்? ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. 'பங்காளிகள் ஆராய்வார்கள்' என்று அறிக்கையில் எழுதி, தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. அவர்கள் ஆராயப் போகிறார்கள் அல்லவா, ஆராய்வதற்குப் பொருள் வேண்டும் அல்லவா? ஹெர் லோரன்ஸ் இரண்டு கிழமை இருந்து ஒன்பது கோப்புகள் தயாரித்தார். ஒவ்வொரு ஆணிக்கும் வரைபடம். எல்லாம் சீனாவுக்குப் பறந்தன. 'கோப்புகள் கிடைத்தன, மிக்க நன்றி, ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்' என்று பேக்ஸ் வந்தது. "ஒன்பது கோப்பென்றால் நேரம் எடுக்கத்தானே செய்யும்" என்றார். அவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, ஒன்பது கோப்புகளிலும் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் பத்தாவது கோப்பு ஒன்றையும் அனுப்பினார்.

ஆறு கிழமை போயிற்று. ஒருநாள் மதியம் உணவுக்கூடத்தில் குணம் அண்ணை எனக்கு எதிரே வந்து இருந்தார். பிலோ அக்கா துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம் சீனாக்காரர்?"

"ஆராயினமாம் அண்ணை."

"அண்டைக்கு என்ன சொன்னவங்கள்? சரியாச் சொல்லு."

"ஆராய்வம், ஆராய்வம் எண்டு."

குணம் அண்ணை கரண்டியை வைத்தார். "ரெண்டு தரமோ? ஒருக்காச் சொன்னாலே அது பாப்பம். ரெண்டு தரம் எண்டா கதவைப் பூட்டித் திறப்பையும் கொண்டு போட்டாங்கள்."

"எனக்கும் அண்டைக்கு அப்பிடித்தான் இருந்தது" என்றேன்.

பிலோ அக்காவின் துணி நின்றது. "உனக்குத் தெரியுமோ? பிறகேன் அந்தாளுக்குச் சொல்லேல்ல?"

"நான் ஆரக்கா அவருக்குச் சொல்ல?"

"நீ ஆரோ? உன்னைப் படிப்பிச்சது என்னத்துக்கு, அந்தாள் சொல்லுறதை எழுதவோ? அதுக்கு ரேப் ரெக்கோடர் காணும்."

குணம் அண்ணை எனக்குப் பரிந்து கதைத்தார். "விடுங்கோ அக்கா, அவளைப் பேசாதேங்கோ." பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை வசந்தி போனில கேட்டவ, இந்த வருசம் வரலாமோ எண்டு. நான் பாப்பம் எண்டு சொல்லிப்போட்டன்." கரண்டியைத் திரும்ப எடுத்தார். "அவவுக்கு விளங்கியிருக்கும்."

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஹெர் லோரன்ஸின் கதவைத் தட்டினேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"ஹெர் லோரன்ஸ், அவர்கள் ஆராயவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டார்கள்."

"எப்போது?"

"வந்த அன்றே."

அறிக்கையை எடுத்தார். "இங்கே அப்படி இல்லையே. இது நீங்கள் எழுதியது."

"அவர்கள் சொன்னதை எழுதினேன். அது 'பாப்பம்', ஹெர் லோரன்ஸ்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் ஆறு கிழமையாக நான் சனிக்கிழமை மண்டபத்தில் நிற்கிறேன்" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "ஆறு கிழமை! பத்துக் கோப்பு! ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை."

திட்டுவார் என்று நின்றேன். அவர் நான் சொன்னதைச் சரிபார்ப்பதுபோல யோசித்தார். "உண்மை" என்றார். "கேட்கவில்லை. அது என் பிழை. சொல்லாதது உங்கள் பிழை. இப்போது உட்காருங்கள். எதற்கு இல்லை என்றார்கள்?"

எனக்குத் தெரியவில்லை. கூட்டம் கூட்டிக் கேட்போம் என்றார். எல்லாரும் இருக்கும்போது கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள் என்றேன். அவர் வாழ்க்கையில் கேட்ட மிக விசித்திரமான வாக்கியம் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆள் கூடினால் பதில் தெளிவாகும் என்று நம்பியவர் அவர்.

கோடையில் பிராங்பேர்ட்டில் நடந்த ஒரு கண்காட்சிக்கு அதே ஆறு பேரும் வந்தார்கள். ஹெர் லோரன்ஸ் அவர்களை இன்னொருமுறை தொழிற்சாலைக்கு அழைத்தார். அவர்களும் மறுக்கவில்லை. அதற்கு முதல் நாள் லீ தன் மகளுக்குச் சப்பாத்து வாங்க வேண்டும் என்றார், நான் கூடப் போனேன். எஸ்-பான் ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். லீ யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"அன்று நீங்கள் திரையில் போட்ட அந்தப் பழைய வரிசை... அதைச் செய்தது யார் என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இயக்குநர் சென்தான். இளம் வயதில், வேறு எதுவும் கிடைக்காத காலத்தில், கிடைத்ததைக் கொண்டு செய்தது. அந்த நான்கு பேரும் அதில் அவரிடம் வேலை பழகியவர்கள்." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இயக்குநருக்குக் கோபம் என்றோ வருத்தம் என்றோ அவர் சொல்லவில்லை. "ஐந்து வயதுக்கு இங்கே என்ன அளவு எடுப்பார்கள்?" என்று கேட்டார்.

நான் அன்று பின்னேரமே தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். ஹெர் லோரன்ஸின் காது நுனிவரை சிவந்தது.

"ஆனால் அவை பிழைகள்தானே?"

"பிழைகள்தான். அவரிடம் வேலை பழகிய நான்கு பேருக்கு முன்னால் சொன்னீர்கள்."

"பாராட்டச் சொல்கிறீர்களா? நான் பொய் சொல்லமாட்டேன்."

"பொய் வேண்டாம். நல்லது ஏதாவது இருந்தால்..."

அவர் அந்தப் படங்களை எடுத்து விரித்தார். பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் நிமிரவே இல்லை. இனி நைன் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நான் பையை எடுத்த வேளையில், "இங்கே வாருங்கள்! இந்தத் தூரிகையைப் பார்த்தீர்களா?" என்று கத்தினார். அந்த மகிழ்ச்சியை மூன்றாவது மீன் ரோல்ஸுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் பார்த்தேன்.

மறுநாள் கூட்டத்தில் திரையில் ஒரே ஒரு படம். அவர் எழுந்து நின்றார்.

"இதைச் செய்தவர் இந்த அறையில் இருக்கிறார் என்று நேற்றுத்தான் அறிந்தேன். தலைகீழாக வருகிற மூடியைப் பிடிக்க எங்கள் இயந்திரத்தில் மின்கண் வைத்திருக்கிறோம். ஈரம் பட்டால் அது வேலை செய்யாது. இவர் ஒரு தூரிகையும் பழைய சைக்கிள் சங்கிலியும் வைத்திருக்கிறார். தூரிகை தட்டிவிடுகிறது, மூடி நேராகிறது. இது எங்களுடையதைவிட நல்லது. இதற்கு நான் ஏழாம் பிழை என்று இலக்கமிட்டிருந்தேன். அது என் பிழை. எங்கள் இயந்திரத்திலும் இதை வைக்க உங்கள் அனுமதி வேண்டும்."

லீ மொழிபெயர்த்தார். எழுந்து நின்றவர் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவர் ஹெர் லோரன்ஸ்.

"மற்றப் பத்தும் பிழைகள்தான்" என்றார்.

லீ என்னைப் பார்த்தார். நான் லீயைப் பார்த்தேன். அந்த ஒரு வரியை அவர் விழுங்கியிருந்தால் அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதையும் மொழிபெயர்த்தார்.

இயக்குநர் சென் தோள் குலுங்கச் சிரித்தார். "பத்துத்தானா? நான் பதினைந்து எண்ணி வைத்திருக்கிறேன்" என்றார். நான்கு பொறியியலாளர்களும் தங்கள் புத்தகங்களைத் திறந்தார்கள்.

எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பேச்சு, இன்னும் பல 'ஆராய்வோம்'. பன்னிரண்டு இயந்திரங்கள் எட்டாகின. எட்டிலும் தூரிகை இருந்தது. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் ஹெர் லோரன்ஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "அவர்கள் சொல்லாமல் விட்டது என்ன?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சில வேளைகளில் எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அங்கேதான் பழகினேன்.

இயந்திரங்களைப் பொருத்துவதற்காகச் சீனாவுக்குப் போய்வந்த கதையை அவரே உணவுக்கூடத்தில் சொன்னார். விருந்தில் கிண்ணத்துக்கு மேல் கிண்ணமாக ஊற்றினார்களாம். நைன் என்றால் யாரும் கேட்கவில்லையாம். ஏழாவது கிண்ணத்தில் அவர் தலையைச் சரித்து, சிரித்து, "பாப்பம்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "அது என்ன மொழி என்று கேட்டார்கள். என் மண்டபத்தின் மொழி என்றேன்." இயக்குநர் சென் அதை வாழ்த்துச் சொல் என்று எடுத்துக்கொண்டு கிண்ணத்தை உயர்த்த, மேசை முழுவதும் எழுந்து நின்று "பாப்பம்!" என்று கத்திக் குடித்ததாம். குணம் அண்ணை சிரித்துப் புரைக்கேறி, பிலோ அக்கா முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

போன வியாழக்கிழமை அடக்கம் நடந்தது. நம்மவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். குணம் அண்ணையோடு வசந்தி அக்காவும், தள்ளுவண்டியில் அவர்களுடைய மகளும். சீனாவிலிருந்து இயக்குநர் சென்னின் பேக்ஸ் வந்திருந்தது. கீழே லீ அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து எழுதியிருந்தார்: 'பதினைந்தில் பத்தை அவர் கண்டுபிடித்தார். மீதி ஐந்தையும் அடுத்த முறை வரும்போது காட்டலாம் என்றிருந்தேன்.' ஹெர் லோரன்ஸின் மனைவி அதை வாசித்துவிட்டு, அழுத முகத்தோடு சிரித்தார். "இது தெரிந்திருந்தால் போயிருக்கமாட்டார்" என்றார்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எட்டு இயந்திரங்களுக்கு ஒப்பந்தம் வந்ததும் குணம் அண்ணைக்கு நிரந்தர வேலை கிடைத்தது. ஆனாலும் வெளிநாட்டவர் அலுவலகம் முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் கேட்டது. எழுதும்படி ஹெர் லோரன்ஸ் என்னிடம் சொன்னார். பல்கலைக்கழகத்தில் படித்த ஜெர்மன் முழுவதையும் அதில் கொட்டினேன். தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம், சூழ்நிலைகளைக் கருத்தில்கொண்டு, இயலுமாயின் என்று முப்பத்தொரு வரிகள். அவர் வாசித்தார். "நைன்" என்றார். மேலிருந்து கீழாகப் பச்சைப் பென்சிலால் ஒரே கோடு. அதன் கீழே தன் கையால் எழுதினார்:

'ஹெர் குணரத்தினம் எனக்கு வேண்டும். அவருக்கு வசந்தி வேண்டும். இருவரையும் இங்கே இருக்க விடுங்கள்.'

அதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். மூன்றாம் மாதம் வசந்தி அக்கா பிராங்பேர்ட்டில் வந்து இறங்கினார்.

ஹெர் லோரன்ஸிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். என் முப்பத்தொரு வரிகளையும் எத்தனை தரம் வாசித்தாலும் அதில் ஓர் ஆள்கூட இல்லை. அவருடைய மூன்று வரிகளில் மூன்று பேர் இருக்கிறார்கள்.